நிவாரணமும் வரவும்: உப்புவெளிச் சிறுதொழிலும் வருமான வரியும்

இலங்கையின் வருமான வரிச் சட்டம் ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த மார்ச் 31 இல் முடியும் பன்னிரண்டு மாதங்களை ஒரு மதிப்பீட்டு ஆண்டாகக் கொள்கிறது. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிக் கிடக்கும் உப்புவெளிக் கரையில் சுற்றுலாப் பருவம் தலைகாட்டுவதும் ஏறத்தாழ அந்த நாள்களிலேதான். வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்தபின், கச்சான் வீசும் மாதங்களில் விருந்தினர் விடுதிகளின் அறைகள் நிரம்புகின்றன. புறாமலைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் படகுகள் போகின்றன. கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் இரவு பத்து மணிக்கும் அடுப்பு அணைவதில்லை. செப்டெம்பர் கழிந்து ஒக்டோபர் மழை இறங்கிவிட்டால் அறைகள் பூட்டப்பட்டு, படகுகள் கரைக்கு இழுக்கப்பட்டு, ஐந்து மாதம் உழைத்த பணத்தில் அடுத்த ஏழு மாதத்தைக் கடக்கும் வாழ்க்கை தொடங்குகிறது.

வரி கட்டும் நாள்கள் இந்த ஓட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. தொழில் நடத்தும் ஒருவர் அந்த ஆண்டுக்குத் தாம் கட்ட வேண்டியிருக்கும் வரியை மதிப்பிட்டு, ஒகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நான்கு நாள்களுக்குள் தவணையாகச் செலுத்த வேண்டும்; கணக்கை முடித்துப் பார்க்கும்போது ஏதேனும் மிச்சம் இருந்தால் அதனைச் செப்டெம்பர் 30 இற்குள் கட்டி, வருமான வரி விபரத்திரட்டை நவம்பர் 30 இற்குள் சமர்ப்பிக்க வேண்டும். கொழும்பில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக விற்கும் கடைக்கு இந்த நான்கு நாள்களும் ஒன்றுபோலவே இருக்கும். உப்புவெளியிலோ முதல் தவணை மட்டுமே பணம் புழங்கும் காலத்தில் விழுகிறது. இரண்டாவது தவணை மழைக்காலத்தின் வாசலிலும், மூன்றாவது தவணை வெறும் அறைகளுக்கு நடுவிலும், நான்காவது தவணை அடுத்த பருவத்தின் தொடக்கத்திலும் வந்து நிற்கின்றன. தவணையைத் தவறவிட்டால் நிலுவைக்கு மாதம் 1.5 சதவீத வட்டி ஏறத் தொடங்குவதோடு தண்டமும் சேரும் என்பதால், ஒகஸ்டில் கைக்கு வரும் பணத்தின் ஒரு பகுதி நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் உரியது என்று ஒதுக்கிவைக்கத் தெரிந்தவருக்கே இந்த நாள்காட்டி தாங்கக்கூடியதாகிறது. பருவத் தொழிலுக்கெனத் தவணைகளை மாற்றி அமைப்பது அரசுக்குப் பெரிய இழப்பாகாது. கிழக்குக் கரையின் வணிகச் சங்கங்கள் அழுத்தமாக முன்வைக்க வேண்டிய கோரிக்கை அது.

இலங்கையில் வருமான வரி 1932 இல் நடைமுறைக்கு வந்தது. இன்று அதனை ஆள்வது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. சிறு வணிகரைக் குழப்புபவை இரண்டு: ஒன்று, இந்தத் திருத்தங்களின் வேகம், மற்றொன்று, சட்டம் கையாளும் இரண்டு தமிழ்ச் சொற்கள். அந்தச் சொற்கள் நிவாரணமும் வரவும் ஆகும்.

நிவாரணம் என்றால் திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு நினைவில் எழுவது வேறு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையைச் சிதைத்த பின்னரும், போரின் இடப்பெயர்வுகளின் போதும், அரிசியும் பருப்பும் மாவும் பொதியாகக் கையில் தரப்பட்டது நிவாரணம். வரிச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எதையும் கையில் தருவது என்ற பொருள் இல்லை. ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு வரி கணக்கிடாமல் விட்டுவிடுவதே அங்கே நிவாரணம் எனப்படுகிறது. இலங்கையில் வதியும் தனிநபர் ஒவ்வொருவருக்கும் உரிய இந்தத் தனிநபர் நிவாரணம், 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாயாக உள்ளது. கணவனும் மனைவியும் தனித்தனியே வரி மதிப்பிடப்படுவதால், இருவருக்கும் வருமானம் இருந்தால் இருவருக்கும் தனித்தனியே இந்த நிவாரணம் உண்டு.

வரவு என்ற சொல்லும் இதே போல வழுக்குகிறது. வீட்டுக் கணக்கில் வரவு என்பது உள்ளே வரும் பணம். செலவு என்பது வெளியே போகும் பணம். வரிக் கணக்கில் வரி வரவு என்பது, ஒருவருடைய பெயரில் முன்கூட்டியே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட வரிப்பணம் ஆகும். வங்கி வட்டியில் பிடித்த வரி, பெரிய வாடகையில் பிடித்த வரி, தவணையாகக் கட்டிய வரி ஆகிய எல்லாம் அவருடைய கணக்கில் வரவாக எழுதப்பட்டு, ஆண்டு முடிவில் அவர் கட்ட வேண்டிய மொத்த வரியிலிருந்து ரூபாய்க்கு ரூபாய் கழிக்கப்படுகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. நிவாரணம் வருமானத்தைக் குறைக்கிறது. வரவு வரியையே குறைக்கிறது. ஒரு இலட்சம் ரூபாய் கூடுதல் நிவாரணம் கிடைத்தால், 6 சதவீதப் படியில் நிற்கும் சிறு விடுதிக்காரருக்கு மிச்சமாவது 6,000 ரூபாய். 36 சதவீதப் படியில் நிற்கும் பெரிய முதலாளிக்கு மிச்சமாவது 36,000 ரூபாய். ஒரு இலட்சம் ரூபாய் வரவோ, இருவருக்குமே ஒரு இலட்சம் ரூபாயாகவே நிற்கிறது. சட்டத்தில் எளியவருக்கும் வலியவருக்கும் ஒரே மதிப்பில் இருக்கும் உரிமை இந்த வரவுதான். ஆனால் அதனைக் கேட்காமல் விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் எளியவர்களாகவே இருக்கிறார்கள்.

திருத்தங்களின் வேகத்தை நிவாரணத் தொகையின் வரலாறே காட்டுகிறது. புதிய சட்டம் வந்தபோது 5 இலட்சமாக இருந்த தனிநபர் நிவாரணம், 2020 ஜனவரி 1 முதல் 30 இலட்சமாக ஒரே தாவலில் உயர்த்தப்பட்டது. அப்போது உப்புவெளி போன்ற ஊர்களின் சிறு விடுதிக்காரர்களில் பலர் வரி எல்லைக்கு வெளியே போனார்கள். அந்த வரிக்குறைப்புகளும் பெருந்தொற்றும் கடனும் சேர்ந்து நாட்டின் வரி வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே இழுத்துவிட, 2022 இல் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. அதே ஆண்டின் 45 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நிவாரணத்தை 12 இலட்சமாக வெட்டியது. மதிப்பீட்டு ஆண்டின் நடுவில் இந்த வெட்டு விழுந்ததால், 2022/2023 ஆம் ஆண்டை முதல் ஒன்பது மாதம், கடைசி மூன்று மாதம் என இரண்டாகப் பிளந்து கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கணக்காளர்களே தடுமாறிய அந்த ஆண்டில் சீ.ஆர். கொப்பியில் கணக்கெழுதும் கடைக்காரர் என்ன செய்திருக்க முடியும் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் 2025 ஏப்ரலில் அத்தொகை 18 இலட்சமாக ஏறியது. 'முன்பு எனக்கு வரி இல்லை' என்று ஒருவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இந்த ஆண்டுக்கு அது பதிலாகாது.

உப்புவெளியில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விருந்தினர் விடுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டால் கணக்கு தெளிவாகும். பருவம் நல்லபடியாக அமைந்து, ஆண்டு முழுவதும் 64 இலட்சம் ரூபாய் வசூலானதாகக் கொள்ளலாம். இந்த 64 இலட்சமும் வருமானமன்று. இணைய முன்பதிவுத் தளங்கள் எடுத்துக்கொள்ளும் தரகு, ஊழியர் சம்பளம், அவர்களுக்காக உரிமையாளர் கட்டும் ஊழியர் சேமலாப நிதியின் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் 3 சதவீதமும், மின்சாரம், தண்ணீர், சலவை, காலை உணவுப் பொருள்கள், பிரதேச சபை உரிமக் கட்டணம், திருத்த வேலை, தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டி என வருமானத்தை ஈட்டுவதற்காகச் செலவானவை எல்லாம் கழிக்கப்படும். அவை 34 இலட்சம் என்க.

குளிரூட்டி, தளபாடம் போன்ற நீண்டகாலப் பொருள்களின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க முடியாது. மூலதனப் படி என்ற பெயரில் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பகிர்ந்து கழிக்க வேண்டும். 10 இலட்சத்துக்குக் குளிரூட்டியும் கட்டில்களும் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் கழிவு கிடைக்கிறது. 20 இலட்சத்துக்கு ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்கியவர் ஆண்டுக்கு 4 இலட்சம் கழிக்கலாம்; எரிபொருளும் எஞ்சின் ஒயிலும் உதவியாளின் கூலியும் அந்தந்த ஆண்டிலேயே முழுதாகக் கழிபவை.

34 இலட்சம் செலவும், குளிரூட்டிக்கும் கட்டில்களுக்குமான 2 இலட்சம் மூலதனப் படியும் கழிந்தபின், விடுதியின் இலாபம் இப்போது 28 இலட்சமாக நிற்கிறது. பருவத்தில் சேர்த்த பணத்தை நிலையான வைப்பில் இட்டு 2 இலட்சம் வட்டியும் கிடைத்திருந்தால், மதிப்பிடத்தக்க வருமானம் 30 இலட்சம். அதிலிருந்து 18 இலட்சம் நிவாரணத்தைக் கழிக்க, வரி விதிக்கத்தக்க வருமானம் 12 இலட்சமாகிறது. இன்றைய விகிதங்களின்படி முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் முறையே 18, 24, 30 சதவீதம், எஞ்சியதற்கு 36 சதவீதம் என்பதால், இவருடைய வரி 60,000 உடன் 36,000 சேர்ந்து 96,000 ரூபாய். 64 இலட்சம் வசூலித்த ஒருவர் கட்டுவது அதில் 1.5 சதவீதம். வசூல் தொகையைப் பார்த்து அஞ்சி, பதிவே செய்யாமல் ஒதுங்கி நிற்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் கொப்பியில் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி வரவு. வைப்பு வட்டியைக் கொடுக்கும்போதே வங்கி நிறுத்திவைத்தல் வரி என்ற பெயரில் ஒரு பகுதியைப் பிடித்துத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2023 ஜனவரி முதல் 5 சதவீதமாக இருந்த அந்தப் பிடிப்பு 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம். மேற்கண்ட உரிமையாளரின் 2 இலட்சம் வட்டியில் 20,000 ரூபாய் இப்படிப் போயிருக்கும். அதனை 96,000 இலிருந்து கழிக்க, அவர் கையிலிருந்து கட்ட வேண்டியது 76,000. நான்காகப் பிரித்தால் தவணைக்கு 19,000 ரூபாய்.

வங்கி வெட்டியதோடு வட்டிக்குரிய வரி தீர்ந்தது என்ற எண்ணம் ஊரில் பரவலாக இருக்கிறது, அது தவறு. இந்த உரிமையாளருடைய வட்டி 18 சதவீதப் படியில் விழுவதால் அதற்குரிய வரி 36,000. வங்கி பிடித்தது 20,000 மட்டுமே. ஆகவே வட்டியை வருமானத்தில் காட்டி, பிடித்ததை வரவில் காட்டி, இடைவெளியான 16,000 ரூபாயைக் கட்டுவதே சட்டம். இதன் மறுபக்கம்தான் கூடுதல் கவனத்துக்குரியது. வருமானம் எல்லாம் சேர்ந்தும் 18 இலட்சத்தைத் தொடாத ஒருவருக்கு, எடுத்துக்காட்டாகக் கரையோரத்தில் ரொட்டிக் கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கு, வங்கி பிடித்த ஒவ்வொரு ரூபாயும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம்.

வாடகையிலும் இதே முறை இயங்குகிறது. மாதம் 1,00,000 ரூபாயை விஞ்சும் வாடகையில் 10 சதவீதம் பிடிக்கப்பட வேண்டும் என்பதால், கடற்கரைக் காணியை விடுதி நடத்துபவருக்கு 1,50,000 ரூபாய் மாத வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர் கையில் 1,35,000 ரூபாய்தான் வந்துசேரும். எஞ்சிய 15,000 ரூபாய் அவருடைய வரவு. வாடகை வருமானத்தில் 25 சதவீதத்தைத் திருத்தச் செலவு முதலியவற்றுக்கான நிவாரணமாகக் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. பிடித்தவர் தரும் சான்றிதழே வரவுக்கு ஆதாரம். அது கையில் இல்லாவிட்டால், பிடித்த பணத்தைத் தம் பெயரில் கோருவது பெரும் அலைச்சலாகிவிடும்.

வரவு என்ற சொல் இன்னொரு வரியிலும் வருகிறது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்த வணிகர், தாம் வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த 18 சதவீதத்தை, தாம் விற்பனையில் வசூலித்த 18 சதவீதத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் திணைக்களத்துக்குக் கட்டுகிறார். அந்தக் கழிவு உள்ளீட்டு வரி வரவு எனப்படும். பதிவுக்குரிய எல்லை 2024 ஜனவரி முதல் ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் விற்பனையாக இருக்க, 2025 நவம்பரில் வைக்கப்பட்ட வரவுசெலவுத்திட்டத்தில் அதனை 3.6 கோடியாகக் குறைக்கும் முன்மொழிவு வந்தது. ஆறு அறை விடுதி இரண்டு எல்லைகளுக்கும் வெகு கீழே நிற்பதால், குளிரூட்டி வாங்கும்போது அதன் உரிமையாளர் கொடுக்கும் 18 சதவீதம் வரவாகத் திரும்புவதில்லை. அது பொருளின் விலையோடு சேர்ந்து மூலதனப் படிக்குள் அடங்கிவிடுகிறது.

நிறுவனமாகப் பதிவு செய்தால் வரி குறையும் என்று ஆலோசனை சொல்பவர்களும் உண்டு. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு முன்பிருந்த 14 சதவீதச் சலுகை 2022 ஒக்டோபரில் நீங்கியது. பொதுவான நிறுவன வரி இப்போது 30 சதவீதம், அதற்குத் தனிநபர் நிவாரணமும் கிடையாது. மேற்கண்ட விடுதியின் 28 இலட்சம் இலாபம் நிறுவனத்தின் பெயரில் இருந்திருந்தால், அதற்கு மட்டும் வரி 8,40,000 ரூபாய் ஆகியிருக்கும். அதேபோல, வெளிநாட்டார் டொலரில் கொடுப்பதால் அறை வாடகைக்கு ஏற்றுமதிச் சேவைக்குரிய சலுகை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை; அந்தச் சலுகை இலங்கைக்கு வெளியே பயன்படும் சேவைகளுக்கு உரியது, உப்புவெளியில் உறங்கி எழும் விருந்தினர் அந்தச் சேவையை உப்புவெளியிலேதான் பயன்படுத்துகிறார்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே அளவு தொழில் நடத்துபவருக்கு வேறொரு வழி உண்டு. இந்திய வருமான வரிச் சட்டத்தின்படி, ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருக்கும் சிறு வணிகர், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும் இலாபமாகக் காட்டி, செலவுக் கணக்கு எதையும் ஒப்புவிக்காமலே வரி கட்டலாம். உத்தேச வரி எனப்படும் இந்த முறை கொப்பி எழுதத் தெரியாதவருக்கும் சட்டத்துக்குள் ஓர் இடம் தருகிறது. அமெரிக்காவில் 1975 முதல் உள்ள உழைப்பு வருமான வரவு இன்னும் ஒரு படி மேலே போய், வரியே இல்லாத ஏழை உழைப்பாளிக்கு, சொந்தத் தொழில் செய்பவர் உட்பட, அரசே பணம் கொடுக்கிறது. இலங்கையில் அத்தகைய உதவி, 2023 இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற திட்டங்களின் வழியே வரிமுறைக்கு வெளியில் நிற்கிறது. உத்தேச வரி முறையும் இல்லை. எனவே உப்புவெளியில் கணக்கின் சுமை முழுவதும் கடைக்காரரின் தோளிலேயே விழுகிறது. அவருக்குச் சிக்கலான சலுகைகளைக் காட்டிலும் எளிய முறை ஒன்றே பெரிய உதவியாகும்.

அந்தச் சுமையை அருகில் பார்த்தால், கடினம் எங்கே என்பது விளங்கும். பெரும்பாலான சிறு விடுதிகளில் முன்புறம் அறைகள், பின்புறம் குடும்பத்தின் வீடு. மின்மானி ஒன்று, சமையல் எரிவாயு உருளை ஒன்று. காலையில் வள்ளம் கரைசேர்ந்ததும் வாங்கிய பாரை மீனில் பாதி விருந்தினர் தட்டுக்கும் பாதி பிள்ளைகளின் சோற்றுக்கும் போகிறது. குடும்பச் செலவைத் தொழில் செலவாகக் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை; எனவே எந்தப் பங்கு எதற்குரியது என்பதை ஒரு நியாயமான விகிதத்தில் அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். கடைகள் கொடுக்கும் வழுவழுப்பான பற்றுச்சீட்டுகள் இந்தக் கரையின் வெக்கையிலும் உப்புக்காற்றிலும் சில மாதங்களிலேயே வெளிறி வெற்றுத்தாளாகிவிடுகின்றன. கணக்குச் சான்றுகளை ஐந்து ஆண்டுகள் பேண வேண்டியிருப்பதால், வாங்கிய வாரத்திலேயே அவற்றைப் பிரதி எடுத்தோ கைபேசியில் படம் பிடித்தோ வைப்பது, பிற்காலத்தில் ஒரு செலவு செலவாகவே ஏற்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

நட்டம் வந்த ஆண்டிலும் இந்தக் கொப்பி மூடப்படலாகாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் 2020 இன் பெருந்தொற்றும் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் அடுத்தடுத்து வந்தபோது, 'வருமானமே இல்லை, எதைக் காட்டுவது' என்று விபரத்திரட்டைச் சமர்ப்பிக்காமல் விட்டுவிடுவது எவருக்கும் எளிதாகத் தோன்றியிருக்கும். தொழில் நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகளின் இலாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காட்டிய நட்டத்துக்கே அந்த இடம் உண்டு. ஆதாரத்தோடு முறையாகக் காட்டியவருக்கு, பயணிகள் திரும்பி வந்த ஆண்டுகளின் வரியில் அந்தத் துயர்நாள்களின் ஒரு பகுதியேனும் ஈடுசெய்யப்பட்டது.

இவை எல்லாவற்றுக்கும் வாசல் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் ஆகும். 2024 முதல் 18 வயது நிரம்பிய எவரும் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி வந்தபோது, பதிவு என்பதே வரி என்று பலர் கலங்கினர். இலக்கம் பெறுவதால் வரி பிறப்பதில்லை. 18 இலட்சத்தை விஞ்சும் வருமானத்தால்தான் அது பிறக்கிறது. மேற்சொன்ன ரொட்டிக் கடைப் பெண் வங்கி பிடித்த பணத்தை விபரத்திரட்டு வழியே திரும்பக் கோருவதற்கும் அந்த இலக்கமே தேவை. அடுத்த ஆண்டில் வங்கி பிடிக்காமலே இருக்க வேண்டுமானால், தம் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் அடங்கும் என்று கூறும் சுயபிரகடனத்தை இலக்கத்துடன் வங்கியில் கொடுக்க வேண்டும். அந்தப் பிரகடனம் ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கே செல்லும். ஆகையால் ஒவ்வொரு ஏப்ரலிலும், முதல் விருந்தினருக்காக அறைகளைக் கூட்டித் துடைத்து வெள்ளை விரிப்பு மாற்றும் அதே நாள்களில், வங்கிக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.